கஞ்சில் வந்தால் கஞ்சில்

எங்கள் வீட்டில் கஞ்சில் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். எனக்குச் சருகுமான். என் மனைவி ஜானகிக்குக் கார்.

குற்றம் எங்கள் இருவர் மீதும் இல்லை. சருகுமானுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. பூனை அளவு உடம்பு, பென்சில் அளவு கால், கண் மட்டும் ஏதோ ஒரு பெரிய மானிடம் இரவல் வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த நாட்டில் ஒரு சின்னக் கார் செய்து, அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதிலிருந்து நான் "கஞ்சில்" என்று பெருமூச்சு விட்டால் ஜானகியும் கூடவே பெருமூச்சு விடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கனவு காண்கிறோம் என்று நான் கொஞ்ச நாள் பூரித்துப்போயிருந்தேன்.

என் பெயர் நாகமுத்து. மலாக்காவில், தெங்கேரா பக்கம், ஒரு சீன முதலாளியின் போட்டோ கடையில் வேலை. முதலாளியை இங்கே தவுக்கே என்போம். கடையில் படம் கழுவுகிறேன். வீட்டில் பாத்திரம் கழுவுகிறேன். இரண்டு இடத்திலும் என் கைக்கு நல்ல பேர். ஊரார் கல்யாணம், ஊரார் காதுகுத்து, ஊரார் கேமரன் மலைப் பயணம் எல்லாம் என் இயந்திரத்துக்குள் புகுந்துதான் வெளியே வரும். அடுத்தவர்கள் சிரிப்பை நாள் முழுக்கப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதில் ஒரு வசதி, யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள். நான் பாட்டுக்குக் கனவு கண்டுகொண்டிருப்பேன். தவுக்கே வந்து தோளைத் தட்டினால்தான் தெங்கேராவுக்குத் திரும்புவேன்.

வீடு செர்காம் பக்கம், ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தின் ஓரத்தில். எங்கள் பெண் ராகினி கோலாலம்பூரில் தங்கிப் படிக்கிறாள், ஆகையால் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஜானகிக்கு டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. காலையில் அவளை என் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவேன். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவேன். மோட்டார் என்றால் இங்கே இரண்டு சக்கர வண்டி, கார் என்றால் காடி.

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்கிறேன். இந்த மோட்டார்ப் பயணத்துக்காகத்தான் நான் காலையில் கண்ணே விழிக்கிறேன். வழியில் உம்பாய் ஊரைத் தாண்டும்போது கொஞ்ச தூரம் கடல் கூடவே வரும். அங்கே காற்று ஆளைச் சாய்க்கும். ஜானகியின் வலது கை என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் நான் எதிரே வந்தால் "வழிய விடுங்க" என்று ஒதுக்கித் தள்ளுகிற அதே கைதான். ஏதாவது பள்ளத்தில் வண்டி குலுங்கினால் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடிக்கும். அந்த டொக்குக்காகவே நான் பள்ளமில்லாத இடத்திலும் பிரேக் போடுவதுண்டு.

ஜானகிக்குக் கார் வந்தால் இதெல்லாம் போய்விடும். அவள் லைசன் எடுத்து பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். எனக்குக் காருக்கு லைசன் கிடையாது. அவள் கார் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணங்கள் வைத்திருந்தாள். மழை, வெயில், ஆபீசுக்குப் போய் இறங்கும்போது கலைந்துபோகும் தலை. நான் வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம்தான் வைத்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் வேறு காரணங்களாக அடுக்கினேன். கார்க் கண்ணாடியை மூடினால் எனக்கு மூச்சு முட்டும் என்றேன். திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். திறந்தால் காற்றுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்றேன். மோட்டாரில் பிடிக்காத ஜலதோஷமா என்றாள். வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறவளிடம் வாதாடக் கூடாது.

அன்றைக்கு ஒரு சாயங்காலம். பக்கத்து வீட்டு முனியாயி அக்கா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர். எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு அவர்தான் நிரந்தரச் சாட்சி. ஜானகி காரைப் பற்றித் தொடங்கினாள். என்னிடம் காரணம் தீர்ந்துபோயிருந்தது. காரணம் தீர்ந்துபோன ஆம்பிளை சபதம்தான் போடுவான். நானும் போட்டேன்.

"இந்தத் தோட்டத்துல ஒரு கஞ்சில் வரட்டும். அடுத்த வாரமே உனக்குக் கஞ்சில்."

சபதத்தின் அழகைப் பாருங்கள். கஞ்சில் வந்தால் கஞ்சில். எதுகையும் இருக்கிறது, மோனையும் இருக்கிறது, வருவதற்கு வழிதான் இல்லை. புல்லுக்கு மருந்து அடித்து, நாய்கள் பெருகி, லோரிகள் ஓடி, சருகுமான் எல்லாம் எப்போதோ இடம்பெயர்ந்துவிட்டது என்று தோட்டத்து ஆட்களே சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும் எனக்கு, அன்றைக்கு அது ஒன்றுதான் தைரியம்.

ஜானகி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? நீங்க கண்ண மூடிக்கிட்டா?"

"படமா காட்டு. ஒத்துக்குறேன்."

"அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன்லா," என்றார் முனியாயி அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படம் என்ற சொல் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொழில் புத்தி. பல் டாக்டராக இருந்திருந்தால் பல்லைக் காட்டு என்றிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து, எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பல்கலைக்கழகத்துக்காரர் ஒரு பெட்டியை விட்டுப்போனார். காட்டு மிருகங்களை ஆராய்கிறவர். புதுசு வாங்கிவிட்டதால் பழசு வேண்டாமாம். தவுக்கே அதை என் பக்கம் தள்ளி, இடத்தை அடைக்கிறது, நீ எடுத்துக்கொண்டு போ என்றார். பச்சை நிறத்தில், ரொட்டி டின் பருமனுக்கு ஒரு பெட்டி. உள்ளே சாதாரண பிலிம் கேமரா. வெளியே சின்னதாக ஒரு கண். உயிருள்ள எதுவும் அந்தக் கண் முன்னால் அசைந்தால், அதன் உடம்புச் சூட்டைத் தெரிந்துகொண்டு பெட்டி தானே படம் எடுத்துவிடும். ஆள் வேண்டாம். ஆள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அன்று கழுவிய கல்யாணப் படங்கள் எதுவும் என் கண்ணில் பதியவில்லை. பால்மரங்களுக்கு நடுவே காலை வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. சருகு அசைகிறது. ஒரு கால், பென்சில் கால், முன்னால் வருகிறது. இத்தனை வருஷம் அடுத்தவர் படத்தைக் கழுவியவனுக்குச் சொந்தமாக ஒரு படம். நெஞ்சு இனித்தது. உடனே சபதம் ஞாபகம் வந்தது. நெஞ்சு புளித்தது.

என் மனசு அன்றோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி, அங்கே கஞ்சில் ஏது, சும்மா கட்டிப் பார் என்றது. மறு பாதி, கஞ்சில் வந்துவிட்டதாகவே நினைத்து அதற்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பாதியையும் மோட்டாரில் முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் ஜானகியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பெட்டியைப் பார்த்தால் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் கோபிக்கவில்லை. உபசரித்தாள். ஈரம் உள்ளே இறங்கினால் பிலிம் கெட்டுப்போகும் என்று நான் சொன்னதும், பச்சரிசியைச் சின்னத் துணிப்பையில் போட்டுத் தைத்து, ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளும் என்று கொடுத்தாள். பெட்டியைக் கட்டும் பட்டை நைந்திருந்தது. தன் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கொடுத்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனைவி அன்பாக இருக்கும்போது சந்தேகப்படுகிற பழக்கம் எனக்கில்லை, பழக வாய்ப்பும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேலியைத் தாண்டி, ஒரு பால்மரத்தில், என் இடுப்பு உயரத்தில் பெட்டியைக் கட்டினேன். மிருகம் போகும் வழியைப் பார்த்துக் கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த வழி முனியாயி அக்கா விறகு பொறுக்கப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். கட்டியபின் சோதித்துப் பார்க்க வேண்டும். விசையைச் சோதனைக்குத் தள்ளிவிட்டு, மிருகம் மாதிரியே கண் முன்னால் நடந்து போக வேண்டும். கண் பார்த்துவிட்டால் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும்.

நான் மண்டியிட்டேன். கைகளை ஊன்றினேன். கஞ்சில் எப்படி நடக்கும் என்று யோசித்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, சருகின் மேல் மெதுவாக நகர்ந்தேன். விளக்கு மினுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழகாக நகர்ந்தேன். மினுக்கவில்லை. மூன்றாம் முறை போகும்போது முன்னால் இரண்டு சிலிப்பர் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் முனியாயி அக்கா.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜானகியிடம் கேட்டார்.

"ஜானகி, தம்பிக்கு ஏதும் வேண்டுதலா?"

"இல்லக்கா. கஞ்சில் வேலை பாக்குறாரு."

"சம்பளம் குடுக்கிறாங்களா?"

"இல்லக்கா. பாத்திரம் கழுவுற மாதிரி இதுவும் சும்மாத்தான்."

முதல் ரோல் ஒரு வாரத்தில் தீர்ந்தது. நானே கடையில் கழுவினேன். பாதிக்கு மேல் வெறும் வெயில். பெட்டியைக் கிழக்கே பார்க்கக் கட்டியிருந்தேன். ஏறுகிற வெயில் இலைகளைச் சூடாக்க, சூடான இலை காற்றில் ஆட, பெட்டி அதை உயிர் என்று நம்பிப் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறது. மீதியில், சிறகடித்து எழும்பிய கோழி. பிறகு முனியாயி அக்காவின் இடுப்பு, விறகோடு. முனியாயி அக்காவின் இடுப்பு, விறகு இல்லாமல். எல்லாவற்றையும் ஜானகியிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இடுப்பெல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது, கல்யாண வீட்டுப் படம்கூட இவ்வளவு தெளிவில்லை என்றாள். அப்புறம், கஞ்சில் என்ன இடுப்பு உயரமா இருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் நான் ஒழுங்காக வேலை செய்வேன். பாதையை விட்டு உள்ளே போய், ஓடைக்கரைப் பக்கம் ஒரு மரத்தைப் பிடித்தேன். வடக்கே பார்க்க, முழங்காலுக்கும் கீழே, கெண்டைக்கால் உயரத்தில் பெட்டியைக் கட்டினேன். முன்னால் இருந்த லாலான் புல்லை அறுத்தேன். ஆடுகிற கிளைகளை ஒடித்தேன். புது பேட்டரி போட்டேன். இந்தத் தடவை ஒரே ஒரு முறைதான் தவழ்ந்தேன். விளக்கு மினுக்கிவிட்டது. எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்தது, இது ஜெயித்தால் நான் தோற்பேன் என்பது.

அது பால்மரங்கள் இலை கொட்டும் காலம். வருஷத்தில் அந்த ஒரு சமயம்தான் தோட்டம் பச்சையை மறந்துவிடும். மரமெல்லாம் தாமிரமும் சிவப்புமாகி, காற்றே இல்லாமல் இலைகள் தாமாகக் கழன்று இறங்கும். காலையில் நான் வேலிப் பக்கம் நின்று தே குடிப்பேன். மூடுபனிக்குள் வெயில் நுழையும். எங்கோ ஒரு சருகு நொறுங்கும். என் மனசும் கூடவே நொறுங்கும். சருகுமான் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொள்வேன். சருகு எது, மான் எது என்று தெரியாமல் நிற்குமாம். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆள் வாடை பட்டால் வராது என்பதால் போகமாட்டேன். தேத்தண்ணி ஆறிவிடும். ஜானகி உள்ளேயிருந்து, பாத்திரம் காத்துக்கொண்டிருக்கிறது என்பாள்.

காலையில் நான் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் ஜானகி காணக் கிடைக்கமாட்டாள். குப்பை கொட்டப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது ரோல் தீர்ந்தது. கடையில் அன்று கூட்டமில்லை. தவுக்கே முன்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படங்கள் ஒவ்வொன்றாக இயந்திரத்திலிருந்து நழுவி விழுந்தன. கோழி. உடும்பு, வாலை மட்டும் விட்டுப்போயிருந்தது. அணில். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு அது வந்தது.

தாமிர நிறச் சருகுகளுக்கு நடுவே, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. முதுகில் காலை வெளிச்சம் விழுந்திருந்தது. கழுத்தடியில் வெள்ளை. மூக்கு ஈரமாக இருந்தது, அதுகூடத் தெரிந்தது. அந்தத் தூக்கிய கால் இறங்கவா, ஓடவா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நான் மூச்சை விட்டால் அது ஓடிவிடும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் மூச்சு விடாமலே நின்றேன். அந்த இயந்திரத்தில் லட்சம் படம் பார்த்திருப்பேன். எதற்கும் கண் கலங்கியதில்லை. அன்று கலங்கியது.

தவுக்கே எட்டிப் பார்த்தார். "வாஹ், சந்தேக்," என்றார் மலாயில். அவர் எதையும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெரிசாகப் போட்டு ஷோகேசில் வைக்கலாம் என்றார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வைக்கக் கூடாது தவுக்கே, வைத்தால் எனக்குக் கார் வந்துவிடும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கார் வருவதற்குப் பயப்படுகிற மனிதனை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

கஞ்சில் படத்தை மட்டும் சட்டைப்பையில், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மற்றதை உறையில் போட்டேன். ஜானகியிடம் உறையை நீட்டி, மறுபடியும் கோழிதான் என்றேன். முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். அவள் படங்களைப் புரட்டிவிட்டு, பாவம் என்றாள். என்னைச் சொன்னாளா, கோழியைச் சொன்னாளா தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்கு வருகிற தவறுதான்.

மறுநாள் சாயங்காலம். ஆபீஸ் வாசலில் அவளை ஏற்றிக்கொண்டேன். உம்பாய் வந்தது. கடல் வந்தது. வெயில் இறங்கி, தண்ணீர் எல்லாம் செம்பு நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் என் கஞ்சில். இடுப்பில் ஜானகியின் கை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நான் மிதந்துகொண்டிருந்தபோது டொக்கென்று ஹெல்மெட் இடித்தது. நான் பிரேக் போடவில்லை. அவளாகத்தான் குனிந்திருக்கிறாள்.

"படம் புடிச்சிருக்கு போல."

இந்தப் பேச்சில் இருக்கிற ஆபத்தைப் பாருங்கள். பெட்டி படம் பிடித்துவிட்டது என்கிறாளா, எனக்கு ஒரு படம் பிடித்துப்போய்விட்டது என்கிறாளா? எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். அதுதான் தொல்லை.

"என்னா படம்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"கோழி."

"கோழிக்கு இப்படி இருக்காது."

"எது எப்படி இருக்காது?"

"உங்க முதுகு சிரிக்குது."

வண்டி கொஞ்சம் ஆடியது. முதுகு எங்கேயாவது சிரிக்குமா என்றேன். அவள் காதோரமாக, காற்றுக்கு மேல் சத்தம் வராமல், ஆற அமரச் சொன்னாள்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து சிரிக்குது. போன மாசம் தவுக்கே திட்டுனப்ப சுருங்கிப் போச்சு. எங்கம்மா வந்து தங்கப் போறாங்கன்னு சொன்னப்ப பலகை மாதிரி ஆச்சு. ராகினி போன் பண்ற அன்னைக்கு நிமிந்துக்கும். எனக்குத் தெரியாதா லா? மூஞ்சிய மட்டும் சோகமா வச்சிக்கிட்டா ஆச்சா?"

மூஞ்சியை எல்லோரும் மறைப்பார்கள். முதுகை மறைக்க எந்தப் புருஷனுக்குத் தெரியும்? நான் எந்த இருக்கைக்காக இத்தனை பாடுபட்டேனோ, அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் என்னைப் படித்திருக்கிறாள்.

கடலோரமாக ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு தே தாரேக் சொன்னேன். தண்ணீர் வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவள் கையில் எடுக்கவில்லை. முதலில் குனிந்து பார்த்தாள். பிறகு விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். முகம் மெல்ல இளகிக்கொண்டே போனது. மூச்சு விடுகிற மாதிரி இருக்கு என்றாள். கண்ணைப் பாருங்க, நம்ம ராகினி சின்னப் பிள்ளையில் முழித்த மாதிரியே இருக்கு என்றாள். தேத்தண்ணி வந்தது, குடிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் காரைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நான் அடுத்த வாரம் என்றுதான் சொன்னேன், எந்த வாரத்துக்கு அடுத்தது என்று சொல்லவில்லை என்கிற அளவுக்குப் பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குத்தான் நான் எப்போதும் உண்மையைச் சொல்லித் தொலைப்பேன்.

"காடி வந்துட்டா நீ பின்னால உக்காந்து வரமாட்டல்ல," என்றேன். "அதான்."

அவள் நிமிர்ந்தாள். "இதுக்கா? இத்தன நாளா, மூச்சு முட்டுது, ஜலதோஷம் புடிக்குதுன்னு?"

"இதுக்குத்தான்."

சொல்லிவிட்டுப் படகுகளைப் பார்த்தேன். காது சூடாகிவிட்டது. அந்தப் பெட்டி எதிரே இருந்திருந்தால் என் காதைப் படம் எடுத்திருக்கும்.

ஜானகி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்க பின்னாலதான் உக்காந்து வர்றேன். நீங்க கடலப் பாக்குறீங்க. வானத்தப் பாக்குறீங்க. நான் எதப் பாக்குறேன்? உங்க சட்டக் காலர. வீட்டுல உங்க மூஞ்சி பேப்பருக்குள்ள இருக்கும். கடையில மிஷினுக்குள்ள இருக்கும். காடி இருந்தா நீங்க பக்கத்துல உக்காந்து வருவீங்க. ஒரு தடவயாச்சும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே போலாம்னு எனக்கு ஆச இருக்காதா?"

நான் உருகிவிட்டேன். மேசையில் இரண்டு கோப்பையும் ஒரு சருகுமானும் இருந்தன, நாற்காலியில் நான் இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரம்தான் இருந்திருக்கும். என் முகத்தைப் பார்ப்பதற்காக ஒருத்தி ஒரு முழுக் காரையே கேட்கிறாள். இந்த முகத்தை. பிறந்ததிலிருந்து எனக்கே அதைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஓட்டுகிறவள் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் இருவரும் கடலுக்குள்தான் போய்ச் சேருவோம் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. நாளைக்கே போய்க் காருக்குப் பேர் பதிந்துவிடலாம் என்றேன். அடுத்த வாரம் என்றுதானே சபதம் என்றாள். நாளைக்கே என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வேறு வழியில்லாமல் சம்மதித்தாள்.

அதன்பிறகுதான் அவள் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். படத்தை என் பக்கம் திருப்பி, கஞ்சிலின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பாக இருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்றாள். பழுத்த இலை என்றேன்.

"ஜம்புப் பழம். முனியாயி அக்கா மரத்து ஜம்பு."

"அங்க ஏது ஜம்பு?"

"நான் போட்டதுதான். கஞ்சில் வரணும்னு வாயில சொன்னா போதுமா? தீனி போடாம யாரு வருவா? நீங்க பாத்திரம் கழுவுற நேரத்துல தெனமும் போய்ப் போடுவேன்."

"அப்ப நீ ஏன் படத்துல விழல?"

"பொட்டி முன்னாலதான பாக்கும்? நான் மரத்துக்குப் பின்னால நின்னு வீசிட்டு வந்துருவேன். பின்னால இருக்கிறது எனக்குப் பழக்கமாச்சே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வேலிப் பக்கம் நின்று கனவு கண்ட காலைகளில், அந்தக் கனவுக்குத் தீனி போட்டுக்கொண்டு ஒருத்தி மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். கார் ஆசையில் செய்தாள் என்றே வைத்துக்கொள்வோம். கஞ்சில் எனக்குத்தானே வந்தது. அன்று வீடு வரை ஒரு பள்ளத்தையும் விடாமல் வண்டியை ஓட்டினேன்.

பேர் பதிந்து, காருக்காகக் காத்திருந்த மாதங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். படத்தைத் தவுக்கே பெரிசாகப் போட்டுத் தந்தார். ஹாலில் மாட்டினோம். பால்மரங்களில் புது இலை வந்துவிட்டது. நான் வேலிப் பக்கம் நின்று முன் சீட்டைப் பற்றிக் கனவு கண்டேன். ஜானகி ஓட்டுகிறாள். உம்பாய் கடல் ஓரமாக வருகிறது. அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து ஒரு நொடி என்னைப் பார்க்கிறாள். நான் அப்போதுதான் கவனித்ததுபோல மெல்லத் திரும்புகிறேன். எந்தப் பக்கம் திரும்பினால் என் மூக்கு சிறிதாகத் தெரியும் என்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொண்டேன். இடது சீட்டில் உட்காருகிறவனுக்கு வலது கன்னம்தான் முக்கியம். அந்தக் கன்னத்தை மட்டும் இரண்டு முறை சவரம் செய்யப் பழகினேன்.

கார் வந்தது. சிவப்பு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டினோம். முதல் பயணம் கோயிலுக்கு. ஜானகி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்தங்கினேன். புதுச் சட்டை போட்டேன். தலையை வழித்து வாரினேன். முகத்துக்குப் பவுடர் போட்டு, வலது கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிக்கொண்டேன். கண்ணாடியில் ஒரு முறை மெல்லத் திரும்பிப் பார்த்தேன். எனக்கே பிடித்திருந்தது.

வெளியே வந்து, முன்பக்கத்து இடது கதவைத் திறந்தேன். உள்ளே முனியாயி அக்கா, மடியில் தேங்காய்ப் பழத் தட்டோடு, பெல்ட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜானகி முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அக்காவுக்குப் பின்னால உக்காந்தா தல சுத்துமாம். நீங்க பின்னால ஏறிக்குங்க."